வைத்தியக் குறிப்பும் வியாபாரக் கணக்கும்



கணக்கு எழுதாத வியாபாரம் நிலைக்காது என்பது நம் முன்னோர் நமக்குச் சொல்லித் தந்த முதற் பாடம். எழுதினால் மட்டும் போதாது, எழுதியதை அடுத்தவரும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது பாடம். தோட்டத்து ஜனங்களுக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்தவர்களுக்கு 555 என்று எண் போட்ட சிறு புத்தகத்தை நினைவிருக்கும். கடைக்காரர் தம் பேரேட்டில் பற்று எழுதுவார். அதையே வாடிக்கைக்காரர் கையிலிருக்கும் 555 புத்தகத்திலும் எழுதிக் கொடுப்பார். சம்பள நாளன்று இரண்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். கணக்கு இரண்டு கையிலும் இருந்தபடியால் இருவருக்கும் பயமில்லை.

இந்தப் பாடத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் வைத்தியக் கணக்கு. கணினியும் கைப்பேசியும் வைத்தியத்துக்குள் வந்துவிட்ட காலம் இது. அவற்றால் நோயாளிக்கும், டாக்டருக்கும், தாதிக்கும் உண்மையான பிரயோஜனம் கிடைக்க என்ன வேண்டும்? அதில் வியாபாரிகளாகிய நம்முடைய பங்கு யாது? இவ்விரண்டையும் நிதானமாகப் பார்ப்போம்.

தோட்டத்து டிரஸர் காலம்

மலாயாவில் ரப்பர் மரம் முதன்முதல் நடப்பட்ட இடங்களுள் ஒன்று நம் பேராக்கிலுள்ள கோலக்கங்சார். ஆண்டு 1877. அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாக ஜனங்கள் பால் மரம் வெட்ட வந்தார்கள். தோட்ட முதலாளி தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்து தரவேண்டும் என்பது அக்காலத்துத் தொழிலாளர் சட்டம். அப்படி வந்தவர்தாம் டிரஸர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், முடியாததைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. மலேரியாவில் மாண்டவர்கள் அநேகர். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரஸருக்கு லயத்திலிருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் தெரியும். யாருக்கு என்ன நோய், யார் மருந்தைச் சாப்பிடாமல் ஒளித்து வைப்பவர் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருந்தது. குறை எங்கே என்றால், அந்தக் கணக்கு அவர் மனத்திலும் அவருடைய ஒரே பதிவேட்டிலும் மட்டும் இருந்தது. தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போனால் கணக்கு அவரோடு போகாது.

பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் சுங்கை சிப்புட், செம்மோர், கோப்பெங், பத்து காஜா, ஈப்போவின் ஓரத்துத் தாமான்கள் என்று சிதறிப் போனார்கள். லயமும் போயிற்று, டிரஸரும் போனார். இன்று அந்தத் தலைமுறையில் எஞ்சியிருக்கும் முதியவர்கள் இனிப்புநீருக்கு அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார்கள். கண்ணுக்கோ இருதயத்துக்கோ ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். திடீர்க் காய்ச்சலுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக். ஊருக்குப் போனால் சென்னையிலோ மதுரையிலோ ஒரு பரிசோதனை. ஆக ஒரு மனிதருக்கு நாலு இடத்தில் நாலு கணக்கு. முழுக் கணக்கு ஒருவரிடமும் இல்லை.

இது சின்ன விஷயமன்று. 2019-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பின்படி, வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. அதாவது மூன்று பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. நம் கடைக்குள் வரும் வாடிக்கைக்காரர்களை எண்ணிப் பார்த்தால் இதன் பாரம் விளங்கும்.

கணினி வந்தது, கணக்கு சேர்ந்ததா?

மலேசிய அரசாங்கம் இந்த விஷயத்தில் பிந்தியது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு குடிமகனுக்கும் பிறப்பு முதல் இறுதி வரை ஒரே வைத்தியக் குறிப்பு இருக்க வேண்டும் என்ற எண்ணம் 1997-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவத் திட்டத்திலேயே எழுதப்பட்டது. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் ஆஸ்பத்திரி, காகிதமின்றிக் கணினியிலேயே எல்லாவற்றையும் எழுதும் ஆஸ்பத்திரியாக அமைந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கையும் மின்னியல் குறிப்பைப் பற்றிப் பேசுகிறது. 1997-க்கும் 2023-க்கும் இடையே 26 ஆண்டுகள். எண்ணம் நல்லது, இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

காரணம் யாது? கணினி வாங்குவது எளிது, கணினிகளை ஒரே மொழியில் பேச வைப்பது கடினம். ஓர் ஆஸ்பத்திரி ஒரு நிறுவனத்தின் ஏற்பாட்டை வைத்துக்கொள்கிறது, இன்னோர் ஆஸ்பத்திரி வேறொன்றை. கிளினிக்கில் மற்றொன்று. நாலு கடைக்காரர்கள் நாலு விதமான குறியீட்டில் கணக்கு எழுதினால், நாலு பேரேடும் சுத்தமாக இருந்தாலும் ஐந்தொகை போட முடியாதல்லவா? அதுபோலத்தான்.

இதற்கு நாமே அனுபவிக்கும் ஓர் உதாரணம் சொல்வோம். மலேசியாவில் ரத்தச் சர்க்கரையை ‘மில்லிமோல்’ என்ற கணக்கில் எழுதுகிறார்கள். இந்தியாவில் ‘மில்லிகிராம்’ கணக்கு. இங்கே 7 என்று எழுதுவது அங்கே 126. இங்கே 10 என்பது அங்கே 180. ஊரிலிருந்து 180 என்று எழுதிய காகிதத்தோடு வருகிறவர் அதைக் கண்டு நடுங்குகிறார். இங்கே 10 என்று சொன்னால் ‘பத்துத்தானே’ என்று அலட்சியமாக இருக்கிறார். இரண்டும் ஒரே சர்க்கரைதான். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். படியையும் கிலோவையும் குழப்பினால் வியாபாரம் என்னவாகும்?

மருந்தின் பெயரும் இப்படியே. இனிப்புநீருக்குப் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் என்ற மருந்து குளுகோஃபேஜ் என்ற பெயரிலும் விற்கிறது. இந்தியாவில் கிளைகோமெட் என்ற பெயரிலும் விற்கிறது. பெயர் வேறு என்று நினைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஆகையால் எந்தக் கணினியானாலும், எந்தக் காகிதமானாலும், மருந்தின் பொதுப் பெயரை எழுதினால்தான் அடுத்த டாக்டருக்கு அது கணக்காகும்.

மைசெஜாத்ரா கற்றுத் தந்தது

கோவிட் நோய் பரவிய 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் மைசெஜாத்ரா என்ற கைப்பேசிச் செயலி வந்தது. நம் கடை வாசலிலெல்லாம் கட்டம் கட்டமான குறியீட்டை ஒட்டி வைத்தோம். வருகிறவர்கள் கைப்பேசியைக் காட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். 2021 பிப்ரவரியில் தடுப்பூசிக்குப் பெயர் பதிவும் அதிலேயே தொடங்கியது. 2022 மே மாதம் முதல் தேதியிலிருந்து கடை வாசலில் காட்டவேண்டிய கட்டாயம் எடுக்கப்பட்டது. அந்தச் செயலி இன்றும் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் நாள் வாங்கவும், தடுப்பூசிக் குறிப்பைப் பார்க்கவும் அது உதவுகிறது.

அந்நாளில் நம் கண்ணால் கண்டது என்ன? கைப்பேசி உள்ள இளைஞருக்குப் பதிவு ஐந்து நிமிட வேலை. பொத்தான் பேசி மட்டும் வைத்திருந்த முதியவருக்கு யாராவது ஒருவர் செய்து கொடுக்கவேண்டியிருந்தது. மகன் செய்தான், பேத்தி செய்தாள், பக்கத்து வீட்டார் செய்தார்கள், பல இடங்களில் கடைக்காரரே செய்தார். கைப்பேசி இல்லாதவர்கள் கடை வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதினார்கள். செயலி வேலை செய்தது உண்மை. ஆனால் கடைசி முழத்தை எட்டியது மனிதர் கை.

இதற்கு மாறான ஒன்றும் கண்டோம். நம் கடைக்கு வரும் ஒரு பாட்டியம்மா, முன்னாள் தோட்டத்துத் தொழிலாளி. அவருடைய கிளினிக் நாட்கள் கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனுடைய கைப்பேசியில் இருந்தன. ஒருமுறை நாள் மாறியது. செய்தி மகனுக்குப் போயிற்று. வேலை மும்முரத்தில் அவர் பார்க்கவில்லை. பாட்டியம்மா பழைய நாளிலேயே போய்த் திரும்பி வந்தார். மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் சும்மா இருந்தார். அந்நேரம் காலில் ஒரு கொப்புளம் வந்து புண்ணாகி, ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆயிற்று. விரல் தப்பியது பெரிய காரியம். கணினியில் பிழையில்லை, செய்தி போகவேண்டியவருக்குத்தான் போகவில்லை. வைத்தியத்தில் இத்தகைய இடைவெளி பணத்தோடு போவதன்று, காலோடு போவது.

பிரயோஜனம் என்பதற்கு அளவுகோல்

ஒரு சாதனம் உபயோகமுள்ளதா என்று எப்படி அறிவது? நோயாளியும், தாதியும், டாக்டரும் மூவருமே அதைப் பார்த்த மாத்திரத்தில் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அறிந்தால், அது உபயோகமுள்ளது.

நம் நாட்டிலேயே இதற்கு அழகான உதாரணம் உண்டு. கர்ப்பிணிகளின் புத்தகத்தில் அரசாங்கக் கிளினிக்கில் ஒட்டும் வண்ண அடையாளம். வெள்ளை என்றால் தாதியே கவனித்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இடையில் பச்சையும் மஞ்சளும் உண்டு. படிக்கத் தெரியாத தாய்க்கும் சிவப்பு சிவப்புத்தான். புத்தகம் தாயின் கையில் இருக்கிறது. நடு இரவில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்குள்ளவருக்கு அது பேசுகிறது. மின்சாரமில்லாத இந்தக் காகிதம், பல கணினிகள் செய்யாததைச் செய்கிறது. கணினி செய்பவர்கள் இதனிடம் பாடம் கேட்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு உதாரணங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 கட்டில்களோடு தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 2004 முதல் அவர்கள் சிற்றூர்களில் சிறு கண் நிலையங்களை வைத்தார்கள். அங்கே டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைப் பரிசோதித்துக் கணினியில் எழுதுகிறார். ஆஸ்பத்திரியிலிருக்கும் டாக்டர் திரையின் வழியே நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். பெரும்பாலோர் பஸ் ஏறிப் பட்டணம் போக வேண்டியதில்லை. போகவேண்டியவர் மட்டும் போகிறார். இனிப்புநீரால் வரும் கண் நோய் தொடக்கத்தில் வலிக்காது, பார்வையும் மங்காது. தெரிந்துகொள்ளும்போது காலம் கடந்துவிடும். ஆகவே நோயாளி ஊரிலேயே பார்த்துக்கொள்ள வழியிருப்பது கண்ணைக் காப்பதாகும்.

இரண்டாவது, 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பெண் ஊழியர்கள் வீட்டுக்கே சென்று ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அளந்து, மருந்தையும் கொடுத்து, விவரத்தைக் கைக்கணினியில் பதிகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் இதற்குக் கிடைத்தது. இரண்டிலும் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றே. சாதனத்துக்கும் நோயாளிக்கும் நடுவில், அவர் மொழி பேசும், அவர் ஊர் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார். நம் தோட்டத்து டிரஸரின் இடம் அது. பழைய டிரஸரிடம் இல்லாத ஒன்று இவரிடம் உண்டு: கணக்கு இவரோடு நின்றுவிடுவதில்லை.

டாக்டருக்கும் தாதிக்கும் என்ன?

நோயாளியின் கஷ்டத்தையே பேசிவிட்டு வைத்தியம் செய்பவர்களின் கஷ்டத்தை மறந்துவிடக் கூடாது. காலையில் நீண்ட வரிசை. ஒருவருக்குச் சில நிமிஷம். அதற்குள் காகிதத்திலும் எழுதி, அதையே கணினியிலும் எழுதினால் நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் ஏது? ஒரே சரக்கை இரண்டு பேரேட்டில் எழுதச் சொல்லும் முதலாளியைக் கணக்கப்பிள்ளை வாழ்த்துவாரா? ஆகவே புதிய ஏற்பாடு வரும்போது பழையதில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். எழுதும் வேலை குறைந்தால்தான் தாதி அதை மனமுவந்து எழுதுவார். மனமுவந்து எழுதிய கணக்கே சரியான கணக்கு.

நம் பக்கத்திலிருந்தும் அவர்களுக்கு உதவ முடியும். ‘வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் மாத்திரை ஒன்று’ என்று சொல்லும் நோயாளியிடமிருந்து உண்மையைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. பெயரும் அளவும் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் அந்த நேரத்தை மிச்சப்படுத்தும்.

நாம் செய்யத்தக்கவை

நம் கடைகள் காலை முதல் இரவு வரை திறந்திருக்கின்றன. முதியவர்கள் அரிசிக்கும் மீனுக்கும் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் பேசும் தமிழ் நமக்குத் தெரியும், கிளினிக்கின் மலாயும் நமக்குத் தெரியும். ஆகவே டிரஸர் விட்டுப்போன இடத்தில் ஒரு சிறு பகுதியையாவது நாம் நிரப்பலாம். வைத்தியம் சொல்வது நம் வேலையன்று. கணக்கைக் கையில் சேர்ப்பது நம்மால் முடியும்.

1. மருந்துச் சீட்டு. மருந்துப் பையின் மேலுள்ள பொதுப் பெயர், அளவு, வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளச் செய்வது. ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்தையும் அதில் எழுதவேண்டும். கைப்பேசி உள்ளவர் அதைப் படமெடுத்தும் வைக்கலாம்.

2. நாள் குறிப்பு. செயலியில் நாள் வாங்கிக் கொடுத்தால், அந்த நாளைக் காகிதத்திலும் எழுதிக் கொடுப்பது. வீட்டு நாட்காட்டியில் வட்டம் போடச் சொல்வது. பிள்ளைகள் தூரத்தில் இருந்தால், பக்கத்திலுள்ள ஒருவருடைய எண்ணையும் கிளினிக்கில் கொடுக்கச் சொல்வது. முதியவர்களைப் பிள்ளைகள் தங்கள் செயலியில் சார்ந்தோராகச் சேர்க்கலாம். ஆனால் செய்தியைப் பார்த்துச் சொல்வதும் சேர்த்தவரின் கடமை.

3. சர்க்கரைக் கணக்கு. விரலில் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லாப்பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ‘எச்பிஏ1சி’ என்ற ரத்தப் பரிசோதனை காலாண்டுக் கணக்கு. கிளினிக்குக்கு முதல் நாள் மட்டும் சோற்றைக் குறைத்தால் கல்லாப்பெட்டி நிறைந்ததுபோல் தெரியும். காலாண்டுக் கணக்கு உண்மையைச் சொல்லிவிடும். இந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

4. நோன்பு. இனிப்புநீர் உள்ளவர்கள் ரமலானுக்கு ஓரிரண்டு மாதம் முன்பே மருந்துச் சீட்டோடும் இந்த எண்ணோடும் டாக்டரைப் பார்த்து, நோன்பு நோற்கலாமா, மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் நோன்பன்று யோசிக்கிற விஷயமன்று இது.

5. இலவசப் பரிசோதனை. 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ், அரசாங்க உதவித்தொகை பெறுவோரும் அவர்தம் துணைவரும் 40 வயது ஆனால் குறிப்பிட்ட தனியார் கிளினிக்குகளில் பணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தகுதியுள்ள பலருக்கு இது தெரியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினால் போதும்.

சங்கம் மாதத்தில் ஒரு நாள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கைப்பேசி தெரிந்த இரண்டு பிள்ளைகள் என்று ஏற்பாடு செய்தால், தனித்தனியாகச் செய்வதைவிட ஒழுங்காக நடக்கும். ஈப்போவில் மட்டுமன்றிச் சுங்கை சிப்புட், கோப்பெங் பக்கமும் முறைவைத்துப் போகலாம்.

அமானிதம்

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஒருவருடைய நோயைப் பற்றிய விவரம் நம்மிடம் வைத்த அமானிதம். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நல விவரத்தைத் தனிப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. உதவி செய்யும்போது கடவுச்சொல்லை நாம் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அவரே அடிக்க வேண்டும், அல்லது அவருடைய பிள்ளை அடிக்க வேண்டும். அடையாள அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. இன்னாருக்கு இன்ன நோய் என்று கடையில் பேச்சு எழுந்தால், அடுத்த மாதம் அவர் உதவிக்கு வரமாட்டார். கடன்காரர் பெயரை ஊரறியச் சொல்லாதவரே நம்மவரில் நல்ல வியாபாரி. இங்கும் அதே ஒழுக்கம் வேண்டும்.

சகோதரர்களே! நாட்டின் ஆஸ்பத்திரிகளெல்லாம் ஒரே மொழியில் கணக்கு எழுதும் நாள் வரட்டும். அதற்கு அரசாங்கமும் அறிஞர்களும் பாடுபடட்டும். அதுவரை, நம் கடைக்கு வருகிற ஒரு முதியவரின் சட்டைப்பையில் சரியான மருந்துச் சீட்டு ஒன்று இருக்கும்படி நாம் செய்யலாம். இந்த வாரம் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் அவர் திரும்பி வரும்போது, எழுதியது இன்னும் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். 555 புத்தகத்தை அப்படித்தான் நடத்தினோம்.